இமாம் ஷாஃபியின் ஊரில் குடியேறியவன்

காயல்பட்டினத்துக்காரனுக்கு "நாங்க ஷாஃபி" என்பது, அதாவது இமாம் ஷாஃபியின் மத்ஹபை (மார்க்கச் சட்டப் பள்ளியை) பின்பற்றுகிறவர்கள் என்பது, பிறக்கும்போதே ஒட்டிக்கொள்கிற விலாசம். உள்நாட்டுப் பக்கம் ராவுத்தர் ஊர்ப் பள்ளியில் தொழுதால்தான் ஹனஃபி என்று இன்னொரு மத்ஹப் இருப்பதே நினைவுக்கு வரும். கெய்ரோவின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்) படிக்க வந்தபோது எந்த மத்ஹப் என்று கேட்டார்கள். யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

நஸ்ர் சிட்டியில், ஹய்யுல் ஆஷிரில் வாடகை வீடு. கூட இருப்பவர்கள் இந்தோனேசியர்கள், அவர்களும் ஷாஃபிகள்தான். பேச்சு பாதி புரியாது. ஆனால் சுபுஹு என்ற விடியல் தொழுகையில், ஷாஃபிகள் ஓதும் குனூத் துஆவுக்குக் கை உயர்த்தி நிற்கும்போது ஊர்ப் பள்ளியில் நிற்பது போலவே இருக்கும். உம்மா கொடுத்தனுப்பிய மாசிக் கருவாட்டை இடித்து அவர்களுடைய சம்பலில் போட்டோம். அன்றோடு அந்நியம் போயிற்று.

இமாம் ஷாஃபியும் இங்கே வந்து சேர்ந்தவர்தான். 767-ல் காஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் ஓதி, பக்தாதில் பெயர் வாங்கி, 814 வாக்கில் மிஸ்ருக்கு, அதாவது எகிப்துக்கு, வந்தார். 820-ல் வஃபாத் (மறைவு). அந்தச் சில வருஷங்களில் தம் பழைய தீர்ப்புகள் பலவற்றைத் திருத்தினார். பக்தாதில் சொன்னது கதீம் (பழையது), இங்கே சொன்னது ஜதீத் (புதியது). ஊர் மாறியதால் சட்டத்தை மாற்றினார் என்று மேடையில் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. புதிதாகக் கிடைத்த ஹதீஸ்களும் மறுபடி எடைபோட்ட ஆதாரங்களும் எங்கே போயின?

ஜதீத்படி மஃரிப் என்ற அந்தித் தொழுகையின் நேரம் மிகக் குறுகியது: ஒளுச் செய்து (கை, முகம், கால் கழுவி), பாங்கும் தொழுகை தொடங்கும் அழைப்பான இகாமத்தும் சொல்லி, ஐந்து ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழும் அளவுதான். கதீமிலோ செம்மேகம் மறையும்வரை நேரம் உண்டு. 1277-ல் மறைந்த ஷாஃபி அறிஞர் இமாம் நவவி, தம் 'மின்ஹாஜ்' நூலில் இந்த இடத்தில் பழையதையே தேர்ந்தெடுத்தார். கெய்ரோ டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளும் மாலைகளில் அவருக்கு ஒரு ஃபாத்திஹா ஓதிவிடுவேன்.

இமாமின் அடக்கத்தலத்தை ஜியாரத் செய்ய (தரிசிக்க) கெய்ரோவின் சையிதா ஆயிஷா பக்கம் இறங்கி, கராஃபா மையவாடிக்குப் போக வேண்டும். 1211-ல் சுல்தான் காமில் எழுப்பிய குப்பா (குவிமாடம்). மரத்தால் செய்து ஈயத்தகடு போர்த்தியது. உச்சியில் உலோகத்தில் ஒரு தோணி! கடற்கரை ஊர்க்காரன் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். உள்ளே, ஸலாஹுத்தீன் காலத்தில், 1178-ல் செதுக்கிய மரப்பேழை.

மிஸ்ருக்காரர்கள் இமாமுக்குக் கடிதம் எழுதிப் போடுவார்கள். களவு போனது, பக்கத்து வீட்டுக்காரன் செய்த அநியாயம், எல்லாம் காஜியிடம் (நீதிபதியிடம்) கொடுக்கும் மனு மாதிரியே இருக்கும். இது முறையா என்று நாங்கள் வழியெல்லாம் வாதாடினோம். கடைசியில் இந்தோனேசிய நண்பன், வாடகையை ஏற்றிக்கொண்டே போகும் எங்கள் வீட்டுக்காரர் பேரில் ஒன்று எழுதலாமா என்று கேட்டான்.