ஸ்ப்ளிட்டில் வேண்டாம் என்றார்கள்

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்கு ஃபுட்பால் கோச்சிங் கொடுப்பது என் வேலை. வருடத்துக்கு ஒருமுறை ட்ரையல்ஸ் வைத்து ஆள் எடுப்பதும் நான்தான். கையில் உள்ள தாளில் 'உடல்வாகு' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் 'சின்னப் பையன்' என்று எழுதிவிட்டால் அப்புறம் அவன் பந்தை எப்படி நிறுத்துகிறான், தலையைத் தூக்கிப் பார்க்கிறானா என்பதெல்லாம் கண்ணில் படுவதே இல்லை.

ஃபுட்பால் வீரர் லூகா மோட்ரிச்சை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டம்தான் ஞாபகம் வரும். 1985 செப்டம்பரில் குரோவேஷியாவின் ஸதாரில் பிறந்தவர். 1991 டிசம்பரில், யூகோஸ்லாவியாவிலிருந்து குரோவேஷியா பிரிந்ததையொட்டிப் போர் தொடங்கிய சில மாதங்களில், அவருடைய தாத்தாவைச் செர்பியக் கிளர்ச்சிப் படையினர் சுட்டுக் கொன்றார்கள், வீட்டை எரித்தார்கள். அப்பா ராணுவத்துக்குப் போனார். குடும்பம் ஸதாரில் அகதிகளைத் தங்கவைத்த ஓட்டல்களில் வருடக்கணக்கில் இருந்தது. ஓட்டலின் கார் நிறுத்துமிடம்தான் பையனுக்கு மைதானம், குண்டு விழும்போது பதுங்குமிடத்துக்கு ஓட வேண்டும்.

அவனுக்குப் பிடித்த அணி ஸ்ப்ளிட் நகரத்தின் ஹைதுக். பத்துப் பன்னிரண்டு வயதில் அங்கே ட்ரையலுக்குப் போனான். ரொம்பச் சின்னவன், ஒல்லி என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் ஆட்டத்தையே விட்டுவிடுகிற அளவுக்கு உடைந்துபோனான். ஸதார் கிளப்பின் இளையோர் பயிற்சியாளர் தோமிஸ்லாவ் பாஷிச் அவனை விடவில்லை. அந்தக் கால்களுக்கு மரத்திலேயே ஷின் பேட் (முழங்காலுக்குக் கீழே அடிபடாமல் கட்டும் காப்பு) செய்து கொடுத்தார். உன் கால் இப்படி இருக்கிறதா, சரி, அதற்கேற்ற பேட் நான் செய்கிறேன் என்ற அந்த மனதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

கடைசியில் பதினாறு வயதில் அவரை எடுத்துக்கொண்டது ஹைதுக்கின் பரம எதிரியான டினாமோ ஸாக்ரெப். 2006 முதல் 2008 வரை மூன்று வருடமும் குரோவேஷிய லீக் பட்டம் அவர்களுக்கு. 2008ல் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் கிளப், 2012ல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட், 2018ல் உலகக் கோப்பை இறுதிப் போட்டி, அதே வருடம் உலகின் சிறந்த வீரருக்கான பாலன் தோர் விருது.

ஹைதுக்கில் அன்று பார்த்தவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். செப்டம்பரில் பிறந்த பையன் ஜனவரியில் பிறந்தவனைவிட எட்டு மாதம் சின்னவன், பதினோரு வயதில் எட்டு மாதம் என்பது உயரத்திலும் பலத்திலும் தெரியலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பையனைப் 'பலம் போதாது' என்று நீக்கினேன். இடது கால் அவ்வளவு அழகு. அவன் அப்பா பையை மாட்டிக்கொண்டே, "அடுத்த வருஷம் கூட்டிட்டு வரட்டுமா சார்?" என்றார். "பாக்கலாம்" என்றேன். நம்பர்கூட வாங்கிக்கொள்ளவில்லை, அவர்கள் திரும்ப வரவேயில்லை.

இப்போது என் தாளில் உடல்வாகுக்குப் பக்கத்தில் பிறந்த மாதமும் வீட்டு போன் நம்பரும் எழுதுகிறேன். இந்த வருடம் போன தடவை எடுக்காத நாலு பையன்களின் வீட்டுக்கு நானே போன் போட்டேன். ரெண்டு பேர் வந்தார்கள்.