கடல் தள்ளிப் போன கரை

நேற்று ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பக்கம் டென்ட்ஸ்மியூர் காட்டுக்குப் போயிருந்தோம். மணல்மேடுகளுக்கு நடுவே கான்கிரீட் கட்டைகள் வரிசையாக நிற்கின்றன. 1941ல் போலந்துப் படையினர் போட்டவை. நார்வேயைப் பிடித்த ஜெர்மானியர்கள் இங்கே டாங்கிகளை இறக்கிவிடுவார்களோ என்ற பயம். அன்றைக்கு இவை நின்றது கடலோரத்தில். இப்போது கடலைப் பார்க்க இன்னும் சில நூறு மீட்டர் நடக்க வேண்டும், அவ்வளவு மணல் சேர்ந்திருக்கிறது! ஒன்றைத் தடவிப் பார்த்தேன். சென்ட்ரிங் பலகையின் தடம் அப்படியே இருக்கிறது, மேலே பாசி.

தெற்கு இங்கிலாந்தில் 1940ல் வெட்டிய டாங்கித் தடுப்புப் பள்ளங்களைப் பிறகு மூடிவிட்டார்கள். ஆனாலும் வறண்ட கோடையில் வானிலிருந்து எடுத்த படங்களில் பயிருக்கு நடுவே அந்தக் கோடு தெரியுமாம்.

மகள் கட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பதோடு சரி, பசி வந்துவிட்டது.