வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடிய வேண்டிய வேலை

இஸ்ரேலுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஊரில் கொடுக்கும் பயிற்சியில் ஆளைத் தூக்கி உட்கார வைப்பது, மாத்திரை கொடுப்பது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எல்லாம் சொல்லித் தருகிறார்கள். சமையலறையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் பார்த்த வரையில் யூத வீட்டில் பாதி மதம் சமையலறையில்தான் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது தெற்கு இஸ்ரேலில் பெயெர்ஷெவா பக்கம், கொச்சியிலிருந்து சின்ன வயதில் வந்த யூதப் பாட்டி ஒருவரிடம். எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம், மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, அதனால்தான் குடும்பத்தார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர் சவ்தா, அதாவது பாட்டி, எனக்கு அம்மச்சி.

கறிக்கு ஒரு பாத்திரம், பாலுக்கு ஒரு பாத்திரம், கரண்டியும் கழுவும் தொட்டியும்கூடத் தனித்தனி. கோழிக்கறி சாப்பிட்டுக் கடைசியில் மோர் ஊற்றிச் சாப்பிடும் நம் பழக்கம் இங்கே நடக்காது, நடுவில் ஆறு மணி நேரம் போக வேண்டும். ஆனால் தேங்காய்ப்பால் பால் கணக்கில் வராது, அதனால் கோழி இஷ்டுவுக்கு எந்தத் தடையும் இல்லை. யூதரல்லாத நான் மட்டும் தனியாகச் சமைத்தால் ஆகாது, அடுப்பை அம்மச்சியோ மகளோ பற்ற வைத்துப் பானையை ஏற்றிவிட்டால் மீதியை நான் பார்த்துக்கொள்வேன். திறந்த ஒயின் பாட்டிலை நான் தொட்டால் மட்டும் அதைக் குடிக்க மாட்டார்கள், ஏற்கெனவே காய்ச்சிய ஒயின் என்றால் பரவாயில்லை. இது எனக்குச் சுருக்கென்றது. டீக்கடையில் தனிக் குவளை வைத்த ஊர்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? அதே மேசையில் எனக்கும் தட்டு வைத்து, ஆசீர்வதித்த ரொட்டியை உப்பில் தொட்டு எனக்கும் கொடுக்கிறார்கள் என்பதால் கோபம் நிற்கவில்லை, கேள்வி மட்டும் இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு உண்மையான வேலை நாள். அன்று சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை சபாத் என்கிற ஓய்வுநாள், அடுப்போ விளக்கோ பற்ற வைக்கக் கூடாது. சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றியாக வேண்டும் (எருசலேமில் 40 நிமிடம்), குளிர்காலத்தில் அது மாலை நாலேகால் வாக்கிலேயே வந்துவிடும். அதற்குள் சமையல் முடிந்து, இரவெல்லாம் மெதுவாக வேகும் ஹமீன் குழம்புப் பானை பிளாட்டா என்கிற மின்தட்டின் மேல் ஏறியிருக்க வேண்டும், விளக்குகளுக்கு டைமர் வைக்க வேண்டும், ஃபிரிட்ஜுக்குள் எரியும் பல்பை அணைத்து வைக்க வேண்டும், கழிப்பறைத் தாளைக்கூட முன்கூட்டியே கிழித்து அடுக்க வேண்டும், ஏனென்றால் சபாத்தில் கிழிப்பதும் வேலை. ஆண்கள் குளித்துவிட்டு ஜெப ஆலயத்துக்குப் போய்விடுவார்கள். ஓய்வுநாள் என்று பைபிளில் படித்தவள்தான், ஆனால் அந்த ஓய்வுக்குப் பின்னால் இத்தனை பெண்களின் இடுப்புவலி இருக்கும் என்று யோசித்ததில்லை.

நான் ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுப்பதால் சபாத்தில் வீட்டில்தான் இருப்பேன். யூதரல்லாதவரிடம் "விளக்கைப் போடு" என்று சபாத்தில் நேரடியாகச் சொல்லக் கூடாது. நோயாளி என்பதால் அம்மச்சிக்கு அந்தத் தடை இல்லை என்று மகன் எத்தனை முறை சொல்லியும் அவர் கேட்பதில்லை. "இங்கே இருட்டாயிருக்கே" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார், நான் போடுவேன். மூச்சுத் திணறல் வந்த அன்று மட்டும் இந்த நாடகம் எதுவும் இல்லை, மகனே போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். உயிருக்கு ஆபத்து என்றால் சபாத் விலகி நிற்கும், அதில் யாருக்கும் இரண்டாம் பேச்சு கிடையாது.

ஹமாஸ் தாக்கிய 2023 அக்டோபர் 7 ஒரு சனிக்கிழமை, சிம்ஹாத் தோரா பண்டிகையும் அன்றுதான். இந்தப் பக்கம் சைரன் ஊதினால் பாதுகாப்பு அறைக்குள் போக ஒரு நிமிடம்தான். சக்கர நாற்காலியோடு ஒரு நிமிடம் என்பது எவ்வளவு சின்னது என்று தள்ளிப் பார்த்தால்தான் தெரியும். அப்புறம் வந்த சபாத்துகளில் வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்தது: சபாத் முழுக்க மௌனமாக இருந்து, அபாய அறிவிப்பு வந்தால் மட்டும் பேசும் வானொலி அலைவரிசையைத் திருப்பி வைப்பது. ஹமீன், டைமர், வானொலி. அம்மச்சி அதையும் அப்படித்தான் விரலில் எண்ணிச் சரிபார்த்தார். விசுவாசம், தைரியம் என்று அவர் பேசி நான் கேட்டதே இல்லை, வேலை முடிந்ததா என்று மட்டும்தான் கேட்பார்.

இந்த மக்களின் கதையும் காத்திருப்பில்தான் தொடங்குகிறது. இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்கள் பலர் வீட்டையும் கடையையும் விற்றுவிட்டுத் தயாராக இருந்தார்கள், யானைக்கால் நோய் பரவிவிடும் என்ற பயத்தில் இங்கிருந்த சுகாதார அதிகாரிகள் அவர்கள் வருகையைத் தள்ளிப்போட்டார்கள். ஒருவழியாக 1950-களில் வந்தவர்களை நெவாதிம் மாதிரியான காய்ந்த இடங்களில் குடியமர்த்தினார்கள். காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்த வியாபாரிகள் கோழி வளர்த்தார்கள், பின்னாளில் பசுமைக்குடிலில் பூ வளர்த்தார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் ஜெப ஆலயத்தின் உட்புற மரவேலையில் பெரும்பகுதி இப்போது எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மச்சியிடம் இருப்பது அந்தக் காலத்துப் பெண்கள் பாடிய மலையாளப் பாட்டுகள், அவற்றைக் கீரை ஆயும்போது பாடுவார், பேத்திகளுக்குப் புரியாது, எனக்குப் புரியும்.

பெசாக் என்கிற பஸ்காவில் கோதுமை மாதிரித் தானியம் புளித்தது எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, அதனால் அது வந்தால் வாரக்கணக்கில் சுத்தம், மெத்தையைப் புரட்டி, சட்டைப்பையைக்கூட உதறி ரொட்டித் துகள் தேடுவோம். நல்லவேளை, கொச்சிக்காரர்கள் பெசாக்கில் சோறு சாப்பிடுவார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி குடும்பத்தில் வேலை செய்யும் என் தோழிக்கு அந்த ஏழு நாளும் வீட்டில் அரிசியே கிடையாது, விடுப்பு கிடைத்ததும் பஸ் பிடித்து இங்கே வந்துவிடுவாள். அவள் பசி அவளுக்கு, அம்மச்சி அரிசியைத் தட்டில் பரப்பி மூன்று தரம் பொறுக்கி முடிக்கும் வரை உலை வைக்க விடமாட்டார், ஒரு கோதுமை மணி கலந்திருந்தாலும் போச்சு.