வேகத்துக்கு அன்று, வலிக்கு

காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலை வழியாகத் திருவொற்றியூர் வரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கியபடி ஓடுகிறவர்களில், முழங்கால் வரை ஏறிய இறுக்கமான காலுறை அணிந்தவர்கள் இப்போது கணிசமாகக் கண்ணில் படுகிறார்கள். நானும் இரண்டு ஆண்டுகளாக அதை வைத்திருக்கிறேன். வேகம் கூடியதா என்று கேட்பவர்களுக்கு, இல்லை என்றே சொல்கிறேன்; ஆனாலும் அதைக் கைவிடவில்லை.

இந்த உறையை நான் முதலில் பார்த்தது ஓட்டக்காரர் எவருடைய காலிலும் அன்று, என் அம்மாவின் காலில். முப்பது ஆண்டுகள் நின்றுகொண்டே பாடம் நடத்தியதில் அவருக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது. மருத்துவர் எழுதிக்கொடுத்த காலுறையை, கால் வீங்கத் தொடங்குமுன், கட்டிலை விட்டு இறங்காமலேயே மாட்டிக்கொள்வார். கணுக்காலில் இறுக்கம் மிகுந்தும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்கும்படி அது பின்னப்பட்டிருக்கும். கீழே தேங்கும் இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளும் கெண்டைக்கால் தசைக்கு அது கைகொடுக்கிறது. இதே நோயால் அவதிப்பட்ட கான்ராட் ஜாப்ஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், நீச்சல் குளத்தில் நிற்கும்போது தம் கால்வலி தணிவதைக் கவனித்து, ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடுவதே அதற்குக் காரணம் என்று கண்டு, 1950களில் உருவாக்கிய முறை இது. பெண்கள் மாரத்தான் உலக சாதனையை நீண்ட காலம் வைத்திருந்த பவுலா ராட்கிளிஃப் போன்றோர் அணிந்து ஓடிய பிறகு, நோயாளிகளின் உறை வீரர்களின் உறையாயிற்று.

ஓடும்போது தசை குலுங்குவதை இறுக்கமான ஆடை குறைக்கிறது என்பது உண்மை. அதனால் களைப்பும் குறையும் என்பதுதான் விற்பவர்களின் வாதம். 2017இல் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அனுபவமுள்ள ஓட்டக்காரர்களை இறுக்கமான கால்சட்டையோடும் அது இல்லாமலும் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்த்தபோது, குலுக்கம் குறைந்ததே தவிரக் களைப்பு குறையவில்லை. அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது இத்தகைய ஆடைகளை விற்கும் நைக்கி நிறுவனமே என்பதால், அந்த முடிவை நான் கூடுதலாகவே நம்புகிறேன்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ஒன்று முதல் மூன்று நாள் வரை உச்சத்தில் இருக்கும் தசைவலியின் கதை வேறு. ஓடி முடித்தபின் பல மணி நேரம் அணிந்தவர்கள் வலி குறைந்ததாகச் சொல்வது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. மாத்திரை என்றால், மருந்து என்று சொல்லி வெறும் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஒப்பிட்டுச் சோதிக்கலாம். ஆனால் இறுக்கம் இல்லாத உறையை இறுக்கமானது என்று சொல்லி ஏமாற்றுவது எளிதன்று. ஆகவே அதில் எவ்வளவு உறையின் வேலை, எவ்வளவு மனத்தின் வேலை என்று பிரிப்பது கடினம். திங்கட்கிழமை மாடிப்படி இறங்கும்போது எனக்கு வலி குறைந்தால், அது எதனால் என்று நான் வழக்காடப் போவதில்லை.

நான் வாங்கிய முதல் ஜோடி வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில், காலணி அளவைச் சொல்லி வாங்கியது. திருவொற்றியூர் தேரடியை எட்டுவதற்குள் விரல்கள் மரத்துவிட்டன. வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, "முட்டிக்குக் கீழே கயிறு கட்டின மாதிரி இருக்கு, கணுக்கால்ல லொடலொடன்னு கிடக்கு, தலைகீழா இருக்கேடா" என்றார். பிறகு தையல் டேப்பை எடுத்து, கணுக்காலின் மெலிந்த இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் அளந்து கொடுத்தவரும் அவரே. இப்போது என்னிடம் இருப்பது 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கொண்டது. அதற்கு மேற்பட்டதை மருத்துவரைக் கேட்காமல் வாங்கக்கூடாது. காலில் இரத்தக்குழாய் அடைப்போ, சர்க்கரை நோயால் உணர்ச்சிக் குறைவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த உறையையுமே அணியக்கூடாது.

நம் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. அதன்மேல் ஓர் உறையையும் மாட்டிக்கொண்டு ஓடினால் உப்பும் அரிப்புமே மிச்சம். ஆகவே வெறுங்கெண்டையோடு ஓடிவிட்டு, குளித்துக் காலைத் துடைத்தபின் மாட்டி, மாலைவரை வைத்திருந்து, படுக்குமுன் கழற்றிவிடுகிறேன். முறுக்கிப் பிழியாமல், வெயிலில் போடாமல் உலர்த்தினால்தான் உறையின் இழுவை குறையாமல் இருக்கும். மறந்துபோய் மொட்டை மாடியில் காயப்போட்டுவிட்டால், அம்மா முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவந்து கூடத்துக் கொடியில் போடுகிறார்.