வினாத்தாளில் விடுபட்ட மூதாட்டி

குடிநீர்த் திட்டம் ஒன்றை மதிப்பீடு செய்யப் போயிருந்தோம். வினாத்தாளின் முதல் வரியே 'குடும்பத் தலைவரிடம் கேட்கவும்' என்றிருந்தது. பகலில் வீட்டிலிருந்த ஆண்கள் பதில் சொன்னார்கள். தண்ணீர் சுமக்கும் பெண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். 'வீட்டில் ஊனமுற்றோர் உண்டா?' என்ற கேள்விக்குப் பெரும்பாலும் 'இல்லை' என்றே பதில்.

முன்னோட்ட ஆய்வின் இரண்டாம் நாள், அப்படி 'இல்லை' என்று எழுதிய ஒரு வீட்டின் வாசலில் மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். "குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா அம்மா?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கையை நீட்டினார். மூட்டுவாதத்தில் விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிப்போயிருந்தன. "திருகித் திறக்க முடியவில்லை ஐயா. யாராவது வரும்வரை குடத்தோடு நிற்பேன்" என்றார். தன்னை ஊனமுற்றவராக அவரும் நினைக்கவில்லை, பதில் சொன்ன மகனும் நினைக்கவில்லை. எங்கள் தாளில் அது குழாய் வசதி பெற்ற வீடு. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இரவே வினாத்தாளைத் திருத்த உட்கார்ந்தோம். ஐ.நா. புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல், ஊனமுற்றோர் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக அமைக்கப்பட்ட வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளைச் சேர்த்தோம். பார்க்க, கேட்க, நடக்க, நினைவில் வைக்க, குளித்து உடுத்த, பேசிப் புரியவைக்கச் சிரமம் உண்டா என்றுதான் அவை கேட்கும். ஊனம் என்ற சொல்லே வராது. ஏதேனும் ஒன்றில் 'மிகவும் சிரமம்' அல்லது 'முடியவே முடியாது' என்றால் அவர் ஊனமுற்றோர் கணக்கில் வருவார். ஆனால் அந்த ஆறிலும் விரல்களைப் பற்றிய கேள்வி இல்லை. அதனால் குழாயைத் திறக்கவும் குடத்தைத் தூக்கவும் முடிகிறதா என்று தனியாக ஒன்று வைத்தேன்.

பெண்களை மாலையில், பெண் கணக்கெடுப்பாளர்களே சந்திக்க ஏற்பாடு செய்தோம். நாள் கூடும், செலவு கூடும் என்று நிதி கொடுத்தவர்கள் தயங்கினார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 2019-இல் திருத்திய, வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிடும் அளவுகோல்களை எடுத்துக் காட்டினேன். திட்டத்தின் பலன் மக்கள் பிரிவுகளுக்கிடையே வேறுபடுகிறதா என்று பார்ப்பது அதில் வரையறையிலேயே இருக்கிறது. ஒப்புக்கொண்டார்கள்.

அறிக்கையை அனுப்புமுன் முடிவுகளைப் படமாக வரைந்து, பதில் சொன்னவர்களிடமே கொண்டுபோனோம். இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர் விடும் நேரத்தை நாங்கள் தவறாகக் குறித்திருப்பதைப் பெண்கள்தான் திருத்தினார்கள். எந்தெந்தக் குழாய்க்கு நீளக் கைப்பிடி வேண்டும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். அதை முழங்கையால் தள்ளினாலே தண்ணீர் வரும்.