விசா ஏஜென்சியிடம் கொடுக்கலாம், ஆனால் படிவத்தை நாம் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடவேண்டும்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற அப்பா அம்மாக்களுக்கு விசா ஏஜென்சி பெரிய ஒத்தாசை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பக்கம் பக்கமாக ஆன்லைன் படிவம், அப்பாயின்ட்மென்ட், இன்சூரன்ஸ், போட்டோ அளவு, பேங்க் ஸ்டேட்மென்ட் என்று இத்தனையையும் எழுபது வயதை நெருங்குகிறவர்கள் தனியாகச் செய்து முடிப்பது சிரமம். நான் சொல்ல வருவது வேறு. ஏஜென்சி நம் பேரில் என்ன எழுதிக் கொடுக்கிறது என்பதை நம்மில் பலர் கடைசிவரை பார்ப்பதே இல்லை, "அவங்க பாத்துக்குவாங்க" என்று விட்டுவிடுகிறோம்.

என் தங்கை மியூனிக்கில் இருக்கிறாள். அப்பாவும் அம்மாவும் போய் அவளோடு கொஞ்சநாள் இருந்துவிட்டு வரலாம் என்று முடிவானது. அவர்கள் திருநெல்வேலியில், நான் பெங்களூரில், அதனால் ஊரிலேயே ஒரு ஏஜென்சியிடம் கொடுத்தோம். அவர்கள் பல விஷயங்களை நன்றாகவே செய்தார்கள். பாஸ்போர்ட் எடுத்து பத்து வருடத்துக்குள் இருக்கிறதா, திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதமாவது செல்லுமா, இரண்டு பக்கம் காலியாக இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட்டார்கள். இன்சூரன்ஸ் 30,000 யூரோவுக்குக் குறையாமல், ஜெர்மனிக்கு மட்டுமில்லாமல் ஷெங்கன் நாடுகள் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) எல்லாவற்றுக்கும் செல்லும்படி எடுத்துக் கொடுத்தார்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், முடிவு வர வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்கூட ஆகும் என்பதைச் சரியாகச் சொல்லி, அவசரப்படாமல் தேதி வாங்கினார்கள்.

கையெழுத்துக்கு முன்னால் பூர்த்தி செய்த படிவத்தை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். "எதுக்கு சார், நாங்க பாத்துக்குறோம்" என்றார் அங்கிருந்த தம்பி. விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்தால், தங்குமிடம் என்ற இடத்தில் மியூனிக்கில் ஏதோ ஒரு ஹோட்டல் பெயர் இருக்கிறது. முழு நாட்களுக்கும் புக்கிங், விசா வந்ததும் கேன்சல் செய்துவிடுகிற வகை. ஃபோன் நம்பர், ஈமெயில் இரண்டுமே ஏஜென்சியுடையவை. சொந்த மகள் வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஹோட்டல் எதற்கு என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடுறோம், இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்ல" என்று பதில் வந்தது.

எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதுதான். நாளைக்கு கவுண்டரில் யாராவது "எங்கே தங்கப் போறீங்க?" என்று கேட்டால் அப்பா என்ன சொல்வார்? தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், பொய் சொல்லிப் பழக்கமில்லை, "மகள் வீட்டில்" என்றுதான் சொல்வார். படிவம் ஒன்று சொல்ல, ஆள் வேறொன்று சொல்ல, அதிகாரி எதை நம்புவார்? படிவத்துக்கு அடியில் ஏஜென்சி கையெழுத்துப் போடுவதில்லை. கொடுத்த தகவல் எல்லாம் சரியானது, பொய்யென்றால் விசா மறுக்கப்படலாம் என்று தெரிந்தே ஒப்புகிறேன் என்ற வாசகத்துக்குக் கீழே அப்பாவின் கையெழுத்துதான் இருக்கும்.

மறுத்துவிட்டால் நஷ்டம் அந்த ஒரு பயணத்தோடு முடிவதில்லை. ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. மறுத்த விவரம் ஐந்து வருடம்வரை ஷெங்கன் நாடுகளின் பொதுத் தகவல் அமைப்பில் இருக்கும், எந்த ஷெங்கன் நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் அதைப் பார்க்க முடியும். பிரிட்டன் படிவத்தில் வேறு நாடுகள் விசா மறுத்திருக்கின்றனவா என்றே கேட்கிறார்கள், அங்கே வேண்டுமென்றே பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் பத்து வருடத் தடை வரைக்கும் போகலாம். ஜெர்மனியிலோ, மறுத்த முடிவை மறுபடி பார்க்கும்படி தூதரகத்துக்கே எழுதிக் கேட்கிற வழி முன்பு இருந்தது, 2025 ஜூலை 1 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் அங்கே கோர்ட்டுக்குப் போகலாம்.

இத்தனைக்கும் நேரான வழி ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் இருக்கும் பிள்ளை, தன் ஊரின் வெளிநாட்டினர் அலுவலகத்துக்குப் போய், சம்பள விவரத்தைக் காட்டி, வருகிறவர்களின் செலவு முழுவதும் என் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அலுவலகமே முத்திரையிட்டு ஒரு பத்திரம் தரும். கட்டணம் 29 யூரோ. அதன் அசலை இங்கே அனுப்பி விண்ணப்பத்தோடு கொடுக்கவேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தங்கை அதை வாங்கி அனுப்பினாள். ஹோட்டலை எடுத்துவிட்டு அவள் முகவரியைப் போட வைத்தோம், ஃபோன் நம்பரும் ஈமெயிலும் என்னுடையதாக மாறின. ஈமெயில் சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் கூடுதல் பேப்பர் கேட்டு ஒரு மெயில் வந்து அது ஏஜென்சியின் இன்பாக்ஸில் வார இறுதி முழுக்கக் கிடந்தால் அலையப்போவது நாம்தான்.

பேர் விஷயம் தமிழர்களுக்கே உள்ள தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி. ஏஜென்சி இஷ்டத்துக்கு அப்பா பேரைச் சர்நேமில் போட்டிருந்தது, ஆனால் பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படித்தான் படிவத்திலும் டிக்கெட்டிலும் இருக்கவேண்டும். அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குப் பெயரைச் சர்நேமில் வைத்து, முதல் பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு', அதாவது முதல் பெயர் தெரியவில்லை, என்று அடித்துத் தருவார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாக்காரர்களை விடமாட்டோம் என்று சொன்னபோது நம் ஊர் ஆட்கள் பட்ட பாடு பலருக்கு ஞாபகம் இருக்கும். அடிக்கடி போய்வருகிற எண்ணம் இருந்தால், விசாவைத் தொடங்கும் முன் பாஸ்போர்ட்டையே சரிசெய்துகொள்வது நல்லது.

அப்புறம் பணம். "அக்கவுண்ட்ல ஒரு அஞ்சு லட்சம் போட்டு வைங்க, விசா வந்ததும் எடுத்துக்கலாம்" என்று சொல்கிற ஏஜென்ட்கள் நிறைய உண்டு. தயவுசெய்து கேட்காதீர்கள். ஸ்டேட்மென்ட் பார்க்கிறவர்கள் மாதாமாதம் என்ன வருகிறது, என்ன போகிறது என்று பார்ப்பார்கள், போன வாரம் திடீரென்று விழுந்த தொகை அவர்கள் கண்ணில் முதலில் படும். உண்மையிலேயே டெபாசிட் முடிந்தோ நிலம் விற்றோ வந்த பணமாக இருந்தால் அதற்கான பேப்பரையும் சேர்த்து வையுங்கள். அப்பாவின் பென்ஷன் பெரிய தொகையில்லை, ஆனால் தவறாமல் வருகிறது, பென்ஷன் ஆர்டரோடு அதைக் காட்டியதே போதுமானதாக இருந்தது.

ஏஜென்சி, வி.எஃப்.எஸ்., தூதரகம் மூன்றையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். வி.எஃப்.எஸ். குளோபல் 2001-ல் மும்பையில் அமெரிக்க விசா விண்ணப்பங்களை வாங்கிக் கொடுக்கத் தொடங்கிய தனியார் நிறுவனம், இன்று பல நாடுகளுக்கு அந்த வேலையைச் செய்கிறது. பேப்பரை வாங்குவது, கைரேகை எடுப்பது, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தருவது மட்டும்தான் அவர்கள் வேலை, முடிவு தூதரகத்துடையது. நடுவில் நாம் வைத்துக்கொள்கிற ஏஜென்சிக்கு அந்த முடிவில் ஒரு பங்கும் கிடையாது, ஆகவே "கன்ஃபார்ம் விசா" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஷெங்கனுக்கு முதல்முறை போகிறவர்கள் கைரேகைக்கு நேரில் போயே ஆகவேண்டும், பாஸ்போர்ட்டை அங்கே நம் கையாலேயே கொடுக்கலாம், அதுவரை ஏஜென்சியிடம் அசலை விட்டுவைக்கத் தேவையில்லை. விசா கட்டணம், வி.எஃப்.எஸ். மையத்தின் சேவைக் கட்டணம், ஏஜென்சியின் கூலி மூன்றுக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்லும்போதுதான் நமக்கு வேண்டாத கூரியரும் லவுஞ்சும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகின்றன.

இலவசமாகக் கிடைப்பதற்குக் காசு வாங்குவதும் நடக்கிறது. மலேசியாவும் தாய்லாந்தும் கேட்கிற டிஜிட்டல் வருகை அட்டைக்கு அந்த அரசுகள் ஒரு பைசா வாங்குவதில்லை, ஆனால் அரசு தளம் போலவே தோற்றம் காட்டி பணம் பிடுங்கும் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். முகவரியை நிதானமாகப் படித்துவிட்டு உள்ளே போங்கள். "டூரிஸ்ட் விசால போங்க, அங்க போயி வேலை விசாவா மாத்திக்கலாம்" என்று சொல்கிறவர்கள் இன்னும் ஆபத்தானவர்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983-ம் வருட குடியேற்றச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்தின் பதிவு வேண்டும், பதிவு இருக்கிறதா என்று அந்த அமைச்சகத்தின் இமைக்ரேட் இணையதளத்தில் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்டிக்கரை அங்கேயே நின்று படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை நாள் தங்கலாம் என்று நான்கையும் பாருங்கள். கடைசி இரண்டும் வேறு வேறு. அப்பா அம்மா விசாவில் தேதி இடைவெளி அதிகம், தங்கும் நாட்கள் அதைவிடக் குறைவு. ஏஜென்சி "அந்தத் தேதி வரைக்கும் இருக்கலாம் சார்" என்று சொல்லி அனுப்பியிருந்தது, தங்கைதான் நாட்களை எண்ணித் திரும்பும் டிக்கெட்டை முன்னால் மாற்றினாள். 2025 அக்டோபரிலிருந்து உள்ளே வருகிற, வெளியே போகிற தேதிகளைக் கம்ப்யூட்டரிலேயே பதிகிற முறையை ஐரோப்பா தொடங்கியிருக்கிறது, ஒரு நாள் கூடினாலும் அது பதிவில் நிற்கும். எழுத்துப் பிழையோ தேதிப் பிழையோ இருந்தால் டிக்கெட் நாள் வரும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மையத்துக்குச் சொல்லிவிடுங்கள்.