சாம்பிள் ரூமில் முடித்த அமெரிக்கப் பட்டம்

2009-இல் பி.காம் மூன்றாம் வருடம் தொடங்கிய கொஞ்ச நாளில் அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது, நான் காலேஜுக்குப் போவதை நிறுத்தினேன். இரண்டு வருட மார்க் ஷீட்டும் நாலு அரியரும்தான் கையில். அப்புறம் பதினாலு வருடம் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. பையரிடம் பேசுவது, காஸ்டிங் ஷீட் போடுவது, நூல் வந்ததா, டையிங் முடிந்ததா, சாம்பிளுக்கு அப்ரூவல் வந்ததா என்று காலை முதல் இரவு வரை எல்லாரையும் துரத்துவது. வேலை எனக்கு நன்றாக வரும். ஆனால் 2023-இல் ஒரு பையிங் ஆபீஸில், அதாவது வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே சரக்கு வாங்கித் தருகிற அலுவலகத்தில், சீனியர் வேலைக்கு எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு, விண்ணப்பத்தில் டிகிரி என்ற ஒரு கட்டத்தை நிரப்ப முடியாமல் அந்த வேலை கைநழுவியது. அன்றைக்கு இரவு உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன்.

பதினாலு மாதத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினேன் என்று சொன்னால் முதலில் எல்லாரும் என்னைச் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதனால் அது எப்படி நடந்தது என்பதை முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டம் என்பது பொதுவாக 120 கிரெடிட். ஒரு பாடம் பெரும்பாலும் 3 கிரெடிட். அந்த 120-ஐயும் ஒரே இடத்தில்தான் படிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வேறு இடத்தில் படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், கடைசி 30 கிரெடிட்டாவது எங்களிடம் படி என்று கேட்கிற பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. இன்னொரு விஷயம், சில பல்கலைக்கழகங்களில் இத்தனை வாரம் வகுப்பில் இருந்தாயா என்று பார்ப்பதில்லை. பாடம் தெரியும் என்று நிரூபித்துவிட்டால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். கட்டணமும் பாடத்துக்கு இவ்வளவு என்று இல்லாமல் பருவத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். இதில் பெரிய பெயர் வெஸ்டர்ன் கவர்னர்ஸ் யுனிவர்சிட்டி, 1997-இல் அங்குள்ள மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து தொடங்கியது. ஆனால் அது அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கானது, நம் வீட்டிலிருந்து சேர முடியாது. இது தெரியாமல் நான் மூன்று வாரம் அதன் பின்னாலேயே அலைந்தேன். கடைசியில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிற, எட்டு வாரப் பருவம் வைத்திருக்கிற ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் கிடைத்தது.

சேருவதற்கு முன்னால் சோஃபியா லேர்னிங் என்ற தளத்தில் நாலு மாதம் படித்தேன். அப்போது மாதக் கட்டணம் 99 டாலர், ஒரே நேரத்தில் இரண்டு பாடம் திறந்து வைக்கலாம், முடிக்க முடிக்க அடுத்தது. அமெரிக்கக் கல்வி கவுன்சில் இந்தப் பாடங்களுக்குக் கிரெடிட் பரிந்துரை செய்திருப்பதால் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. எல்லாப் பல்கலைக்கழகமும் ஏற்காது, எந்தப் பாடத்தை ஏற்கும் என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டுதான் நான் பணம் கட்டினேன். பதினொரு பாடம், 33 கிரெடிட். பணம் கட்டும் முதல் நாளே என் டெபிட் கார்டு வேலை செய்யவில்லை. 2020-இலிருந்து புதிதாக வருகிற கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியேதான் வருகிறது, வங்கி ஆப்பில் நாம் திறந்துவிட வேண்டும்.

பழைய பி.காம் மார்க் ஷீட்டுகளுக்கு அரியர் போக 51 கிரெடிட் கிடைத்தது. இதில்தான் நான் அழுதேன். அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் நம் மார்க் ஷீட்டை நேரடியாகப் பார்ப்பதில்லை, நேசஸ் என்ற கூட்டமைப்பில் உறுப்பினராக இருக்கிற ஒரு மதிப்பீட்டு நிறுவனம் பாடம் பாடமாகப் பார்த்து அறிக்கை தரவேண்டும். அந்த நிறுவனத்துக்கு நம் பல்கலைக்கழகம் உறையில் போட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பவேண்டும். நான் படித்த பல்கலைக்கழக அலுவலகத்தில் அதற்கு ஐந்து மாதம் ஆனது. படிப்பை முடிக்காதவருக்கு எப்படி டிரான்ஸ்கிரிப்ட் தருவது என்று ஒரு கவுன்டரில், அந்த வருடத்து ரெஜிஸ்டர் மேலே பரணில் இருக்கிறது என்று இன்னொரு கவுன்டரில். ஆறு முறை லீவு போட்டுப் போனேன். சீக்கிரம் முடிகிற படிப்பு என்கிறார்களே, அதில் படிப்பு மட்டும்தான் சீக்கிரம்.

மீதி 36 கிரெடிட், பன்னிரண்டு பாடம், நாலு பருவம். முதல் பருவத்தில் இரண்டு பாடம், அடுத்ததில் மூன்று, மூன்றாவதில் ஐந்து, கடைசியில் இரண்டு. எந்தப் பாடம் வேகமாகப் போனது என்று திரும்பிப் பார்த்தால் கணக்கு தெளிவாகத் தெரிகிறது. சப்ளை செயின் பாடத்தை ஒன்பது நாளில் முடித்தேன். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்ததே, அப்போது தாமதமான ஷிப்மென்டுகளுக்குப் பையரிடம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். 2022-இல் நூல் விலை ஏறி ஊரே கதவடைத்துப் போராடியபோது, பழைய விலைக்கு எடுத்த ஆர்டரை எப்படி நஷ்டமில்லாமல் முடிப்பது என்று காஸ்டிங் ஷீட்டை இருபது தடவை திருத்தியிருக்கிறேன். பாடத்தில் கேட்ட கேள்விகளுக்கு என் கையில் பதில் ஏற்கெனவே இருந்தது, அதை அவர்கள் கேட்கிற வார்த்தையில் எழுத வேண்டியதுதான் பாக்கி. புள்ளியியல் அப்படி இல்லை. முழுதாக ஏழு வாரம், தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து படித்தேன். வேகம் என்பது பதினாலு வருடம் சேர்த்து வைத்த வேலையின் வேகம். அந்த வேலை தெரியாத ஒரு பிள்ளைக்கு, ப்ளஸ் டூ முடித்த கையோடு, இந்த வழியை நான் சொல்லவே மாட்டேன்.

எழுத்தில்தான் ரொம்பச் சிரமப்பட்டேன். முதல் கட்டுரை மூன்று தடவை திரும்பி வந்தது. கருத்தெல்லாம் சரி, எங்கிருந்து எடுத்தாய் என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்லவில்லை என்பதுதான் குறை. ஏபிஏ என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள், ஆசிரியர் பெயர், ஆண்டு எல்லாம் அந்த ஒழுங்கில் வரவேண்டும். கைடில் இருப்பதை அப்படியே மனப்பாடம் செய்து எழுதினால் நல்ல மார்க் வாங்கிய நமக்கு, அதே காரியம் அங்கே திருட்டு என்று புரிவதற்குக் கொஞ்சம் நாள் ஆகிறது. எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்த அந்தப் பேராசிரியைக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் குறிப்பு எழுதி, கோபப்படாமல் திருப்பி அனுப்பினார்.

புள்ளியியல் தேர்வு கண்காணிப்போடு நடப்பது. கேமராவில் அறை முழுக்கச் சுற்றிக் காட்டவேண்டும், வேறு யாரும் இருக்கக் கூடாது. எங்கள் வீடு ஒரே அறை, இரவு பத்து மணிக்கு மகளை எங்கே அனுப்புவது? முதலாளி அண்ணனிடம் கேட்டேன், ஞாயிற்றுக்கிழமை சாம்பிள் ரூம் சாவியைக் கொடுத்தார், ஜெனரேட்டரும் இருக்கிறது பயப்படாதே என்றார். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினால், சுவர் ஓரமாக டி-ஷர்ட் போட்டு நிற்கிற ஐந்து டம்மிகளைப் பார்த்து, பின்னால் இருப்பது யார் என்று கண்காணிப்பாளர் கேட்டார். ஐந்தையும் தூக்கி வெளியே வைத்துவிட்டு வந்து தேர்வு எழுதினேன். 81 மார்க்.

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே யாரும் பணம் கட்டிவிடாதீர்கள், அதற்கு முன் சில விஷயம். வேலை அனுபவத்தை வைத்தே ஒரு வாரத்தில் பட்டம் தருகிறோம் என்று எனக்கும் போன் வந்தது. கராச்சியில் இருந்த அக்ஸாக்ட் என்ற கம்பெனி இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டம் விற்றது 2015-இல் வெளியே வந்தது. அந்த வகையில் சிக்கினால் பணத்தோடு பெயரும் போகும். பல்கலைக்கழகத்தின் பெயர் அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரப் பட்டியலிலும் உயர்கல்வி அங்கீகாரத்தைப் பார்க்கிற சீயா (CHEA) அமைப்பின் பட்டியலிலும் இருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள், இலவசம்தான். அடுத்தது விசா. வீட்டிலிருந்து ஆன்லைனில் படித்தால் எஃப்-1 என்ற மாணவர் விசா கிடையாது, படித்து முடித்து அங்கே வேலை பார்க்கிற ஓபிடி அனுமதியும் கிடையாது. எஃப்-1 விசாவில் அங்கே போய்ப் படிப்பவர்களுக்கே ஒரு பருவத்தில் ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரக் கணக்கில் சேரும்.

இந்தியாவில் இந்தப் பட்டத்தின் நிலைமையை நான் மறைக்க விரும்பவில்லை. வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றிதழ் தரும் வேலையை முன்பு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமான ஏஐயூ பார்த்தது, தொலைதூர வழியில் படித்ததற்கு அது தரவில்லை. 2025-இல் யூஜிசி இந்தச் சமநிலைக்குத் தனியாக விதிமுறை கொண்டு வந்திருக்கிறது. இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. சேரப் போனேன், சமநிலைச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டோம் என்றார்கள். அரசு வேலை கனவு இருந்தால் இந்த வழி வேண்டாம், நம் ஊர்த் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் படியுங்கள். எனக்குத் தேவைப்பட்டது தனியார் வேலை. இன்னொரு பையிங் ஆபீஸில் விண்ணப்பித்தேன், அவர்கள் அமெரிக்கப் பட்டங்களைச் சரிபார்த்துச் சொல்கிற நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் மூலம் என் பட்டத்தைச் சரிபார்த்தார்கள், ஒரே நாளில் பதில் வந்துவிட்டது. இப்போது அங்கேதான் இருக்கிறேன்.

பழைய கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற தம்பி ஒருவன், டிப்ளமோ முடித்தவன், போன வருடம் இதே வழியில் சேர்ந்தான். போன ஞாயிறு அவனுக்குப் புள்ளியியல் தேர்வு. ஒன்பது மணிக்கே நான் போய்விட்டேன், இரண்டு பேருமாக டம்மிகளைத் தூக்கி வராந்தாவில் வைத்தோம், இப்போது எட்டு டம்மி. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான், நான் ஜெனரேட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன்.